குளத்து மீன்களுக்கு உணவிடும் முறை

ஆடி அமாவாசை, தை அமாவாசை போன்ற நாட்களில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் மக்கள் திரளாகக் கூடி, மறைந்த முன்னோர்க்குரிய கடன்களைச் செய்து, எள்ளையும் சோற்றையும் காவிரியில் கரைப்பதைக் காண்கிறோம். ஆற்றில் நீர் ஓடும் காலமாயின், அச்சோற்றை மீன்கள் உண்கின்றன. அவை உண்டது போக எஞ்சியதை ஓடும் நீர் கொண்டு சென்றுவிடுகிறது. எவ்வளவு சோறு இட்டாலும் காவிரி அதனைத் தாங்கிக்கொள்கிறது.

அதே கைப்பிடிச் சோற்றை நம் ஊர்க் குளத்தில் நாள்தோறும் இட்டால் நிலைமை வேறு. குளத்து நீருக்குப் போக்கிடம் இல்லை. மீன் உண்ணாமல் விட்ட ஒவ்வொரு பருக்கையும் அக்குளத்தின் அடியிலேயே தங்கி அழுகுகிறது. அழுகும் பொருள் நீரிலுள்ள பிராணவாயுவை உண்கிறது. அவ்வாறு பல நாட்கள் சேர்ந்தபின், மேகமூட்டமான ஒரு வாரத்தின் முடிவில், விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. யாரோ நஞ்சு கலந்துவிட்டார் என்று ஊரார் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். பகையும் வழக்கும் பிறக்கின்றன. உண்மையில் குளத்தில் நஞ்சைக் கலந்தது மீனுக்கு இட்ட தீவனமே என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மீன் வளர்ப்பில் ஈடுபடும் விவசாயிகளும், குளங்களை ஏலத்தில் விடும் பஞ்சாயத்துகளும் இவ்வுண்மையை நன்கு அறிந்திருத்தல் அவசியம். மீனுக்கு உணவிடுவது எளிய செயல். அளவறிந்து உணவிடுவதே கலை. அந்தக் கலையின் அடிப்படைகளை இப்பாடத்தில் காண்போம்.

குளமும் ஒரு வயலே

நெல் வயலில் பயிர் எவ்வாறு விளைகிறது? கதிரவனின் ஒளியும் மண்ணின் சத்தும் நீரும் சேர்ந்து பயிரை வளர்க்கின்றன. குளத்திலும் அவ்வாறே ஒரு பயிர் விளைகிறது. அது கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாத நுண்பாசிப் பயிர். குளத்து நீர் இளம்பச்சையாகத் தோன்றுவது இந்தப் பாசியினால்தான். இப்பாசியை உண்டு, அதே நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. பாசி, சிற்றுயிர் ஆகிய இரண்டையும் சேர்த்து மிதவை உயிர்கள் என்பர். மீன் குஞ்சுகளுக்கு இவையே தாய்ப்பால் போன்றவை. வளர்ந்த மீன்களில் பலவும் இவற்றையே விரும்பி உண்கின்றன.

ஆகவே, குளத்து மீனுக்கு இரண்டு வகை உணவு உண்டு. ஒன்று, கதிரவன் ஒளியாலும் நாம் இடும் எருவாலும் நீரிலேயே விளையும் இயற்கை உணவு. மற்றொன்று, தவிடு, புண்ணாக்கு முதலியவற்றைக் கொண்டு நாம் கையால் இடும் தீவனம். முதலாவது மலிவானது, சத்து மிக்கது, மீன் தானே தேடி உண்பது. இரண்டாவது பணச் செலவுள்ளது. அளவு மீறினால் கேடு விளைப்பது. முதலில் நீருக்கு உணவிட வேண்டும். அதன்பின் குறைந்ததை மட்டும் மீனுக்கு இட வேண்டும். குளத்து மீன் வளர்ப்பின் தலையாய விதி இதுவே.

கடற்பவளம் கற்பிக்கும் பாடம்

இவ்விதி நம் குளத்துக்கு மட்டும் உரியதன்று. தேங்கிய நீரில் உயிர்களை வைத்து வளர்ப்போர் எல்லோருக்கும் இது பொருந்தும். இதற்குக் கடலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் உள்ளன. அங்குள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 1986ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. பவளம் கல்லைப்போல் தோன்றினும் உண்மையில் அது சிற்றுயிர்களின் கூட்டம். ஒவ்வோர் உயிரின் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் பகலில் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதன் பெரும்பகுதியைத் தாம் குடியிருக்கும் உயிருக்குத் தருகின்றன. இரவில் பவளவுயிர் தன் சிறு கைகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்கிறது. இவ்வளவே அதன் உணவு.

வெளிநாடுகளில் சிலர் கண்ணாடித் தொட்டியில் கடல் நீரை நிரப்பிப் பவளத்தை வீட்டில் வளர்க்கின்றனர். புதிதாக இத்தொழிலில் இறங்குவோர் செய்யும் முதற் பிழை, அன்பு மிகுதியால் உணவை அளவுக்கு மேல் இடுவதேயாகும். எஞ்சிய உணவு அழுகி, நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்து, வேண்டாத பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடுகிறது. உணவின்றி வாடும் பவளத்தைவிட, உணவு மிகுந்த நீரில் கெடும் பவளமே அதிகம் என்று அனுபவமுள்ளவர்கள் புதியவர்களை எச்சரிப்பதுண்டு.

நம் நாட்டில் பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்பட்டது. அதனைக் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகும். ஆகவே, பவளத் தொட்டி நமக்குரியதன்று. ஆனால் அத்தொட்டி கற்பிக்கும் பாடம் நமக்கு மிகவும் உரியது. கண்ணாடித் தொட்டியாயினும் ஒரு ஏக்கர் குளமாயினும், தேங்கிய நீருக்கு ஜீரண சக்தி ஓர் அளவுக்கு உட்பட்டதே.

மூன்று மீன்கள், மூன்று பந்திகள்

உணவிடுமுன் உண்பவரை அறிதல் வேண்டும். நம் குளங்களில் பெரிதும் வளர்க்கப்படும் கெண்டை மீன்கள் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று. இவை வட இந்திய ஆறுகளைச் சேர்ந்தவை. முற்காலத்தில் இவற்றின் குஞ்சுகளை ஆற்று வெள்ளத்திலிருந்து அரித்தே எடுக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒரிசா மாநிலத்து அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் இவ்வகைக் கெண்டை மீன்களை ஊசி மருந்தின் துணையால் முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பயனாக இன்று மீன் பண்ணைகளிலிருந்து தரமான குஞ்சுகளைப் பெற முடிகிறது. அந்த நாளையே நம் நாடு மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடி வருகிறது.

இம்மூன்று மீன்களும் ஒரே குளத்தில் மூன்று பந்திகளில் அமர்ந்து உண்பவை. கட்லா நீரின் மேற்பரப்பில் உலவி மிதவை உயிர்களை உண்கிறது. அதன் வாய் மேல்நோக்கித் திறப்பதைக் காணலாம். ரோகு நடு நீரில் மேய்கிறது. மிர்கால் அடியில் படிந்துள்ள மக்கிய பொருள்களை உண்கிறது. ஒருவர் உணவை மற்றொருவர் பறிக்காத காரணத்தால், மூன்றையும் கலந்து விடுவது சிறந்தது. ஒரு ஏக்கர் குளத்துக்கு 2,000 குஞ்சுகள் போதும். பத்துக் குஞ்சுகளில் நான்கு கட்லா, மூன்று ரோகு, மூன்று மிர்கால் என்ற விகிதம் பொதுவாக ஏற்றது. குஞ்சுகள் விரல் நீளமாவது, அதாவது 10 சென்டிமீட்டர் அளவாவது, இருத்தல் நலம்.

இங்கு ஒரு குறிப்பு. அந்தநல்லூர், லால்குடி போன்ற ஆற்றுப் பாசனப் பகுதிகளில் மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்களில் நீர் வந்தபின் குளங்கள் நிரம்புகின்றன. மணப்பாறை, மருங்காபுரி போன்ற வானம் பார்த்த பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையே குளத்தை நிரப்ப வேண்டும். குளத்தில் நீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். ஆறு மாதமே நீர் நிற்குமாயின், சிறு குஞ்சுகளை வாங்காமல் வளர்ந்த குஞ்சுகளையே வாங்கி விட வேண்டும். நீர் வற்றும் காலத்தில் அளவுக்கு மேல் தீவனமிட்டு மீனை அவசரமாகப் பெருக்க முயல்வது, முன் கூறிய விபத்தைத் தானே அழைப்பதாகும்.

நீருக்கு உரமிடுதல்

குளம் வற்றியிருக்கும்போது ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ வரை நீர்த்த சுண்ணாம்பைத் தூவ வேண்டும். சுண்ணாம்பு அடிமண்ணின் புளிப்பைப் போக்கும்; மக்கிய பொருள்களிலுள்ள சத்தை நீருக்கு விடுவிக்கும். நீர் நிரம்பியபின், குஞ்சுகளை விடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாக, ஏக்கருக்குச் சுமார் ஒரு டன் மாட்டுச்சாணம் இட வேண்டும். சாணத்தை ஒரே இடத்தில் குவிக்காமல், நீரில் கரைத்துப் பரவலாகத் தெளிப்பது நல்லது. பின்னர் மாதந்தோறும் ஏக்கருக்கு 400 கிலோ அளவில் சாணம் இட்டு வரலாம். அதனையும் ஒரே நாளில் இடாமல், வாரத்துக்கு 100 கிலோ வீதம் பகுத்து இடுவதே முறை.

குடிநீர் ஊருணிகளில் எருவோ தீவனமோ இடலாகாது என்பதை இங்கு வலியுறுத்திக் கூற வேண்டும். மக்கள் குடிக்கும் நீர் வேறு, மீன் வளரும் நீர் வேறு என்று பஞ்சாயத்து தெளிவாக வகுத்துவிடுதல் வேண்டும்.

எரு போதுமா, மிகுந்துவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு ஓர் எளிய கருவி உண்டு. 1865ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு வானநூல் அறிஞர் ஆஞ்செலோ செக்கி என்பவர் கடல் நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய தட்டு அது. 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத் தகட்டை நான்காகப் பகுத்து, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசி, அடியில் சிறு கனம் கட்டி, நடுவில் அளவு குறித்த கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதனை நம் ஊர்க் கருமானே செய்து தரலாம். நண்பகலுக்குச் சற்று முன்னோ பின்னோ தட்டை நீரில் மெல்ல இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

மறையும் ஆழம் 25 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருந்து, நீரும் பச்சையாக இருப்பின், மீனுக்கு வேண்டிய இயற்கை உணவு போதிய அளவில் இருக்கிறது எனக் கொள்ளலாம். 60 சென்டிமீட்டருக்கு மேலும் தட்டு தெரிந்தால் நீர் பசித்திருக்கிறது; எரு இட வேண்டும். 20 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் நீர் மிதமிஞ்சி உண்டிருக்கிறது; எருவையும் தீவனத்தையும் உடனே நிறுத்த வேண்டும். மழை வெள்ளத்தால் சேறு கலங்கியிருக்கும்போது இந்த அளவு பொருந்தாது. தட்டு இல்லாதவர் கையை முழங்கை வரை நீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் உணவு குறைவு. மணிக்கட்டு ஆழத்திலேயே கை மறைந்துவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி.

கையால் இடும் தீவனம்

இயற்கை உணவுக்குத் துணையாக அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம எடையில் கலந்து இடுவது நெடுநாளைய வழக்கம். அரிசி ஆலைகள் மிகுந்த மண்ணச்சநல்லூர் போன்ற ஊர்கள் அருகில் இருப்பதால், திருச்சிராப்பள்ளி வட்டார விவசாயிகளுக்குத் தவிடு கிடைப்பது அரிதன்று. புண்ணாக்கைப் பொடித்து, முதல்நாள் இரவே ஊறவைத்து, தவிட்டுடன் பிசைந்து உருண்டையாக்கி இட வேண்டும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாததுபோல் மீனுக்கும் ஆகாது.

எவ்வளவு இடுவது என்பதற்குக் குத்துமதிப்பு உதவாது. மாதம் ஒருமுறை வலை வீசி 50 மீன்களைப் பிடித்து, நீருள்ள அண்டாவில் வைத்து எடைபார்த்து, ஒரு மீனின் சராசரி எடையைக் காண வேண்டும். அதனை மீன்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் குளத்திலுள்ள மொத்த மீன் எடை கிடைக்கும். சிறு பருவத்தில் அந்த எடையில் நூற்றுக்கு 5 பங்கும், நடுப்பருவத்தில் 3 பங்கும், அரைக் கிலோவுக்கு மேல் வளர்ந்தபின் 2 பங்கும் நாளொன்றுக்குத் தீவனமாக இடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு ஏக்கர் குளத்தில் 2,000 குஞ்சுகள் விட்டோம். சராசரி எடை 50 கிராம் என்றால் மொத்தம் 100 கிலோ. இதில் நூற்றுக்கு ஐந்து, 5 கிலோ. எனவே நாளொன்றுக்குத் தவிடு இரண்டரைக் கிலோவும் புண்ணாக்கு இரண்டரைக் கிலோவும் போதும். சில மாதங்களுக்குப்பின் 1,800 மீன்கள் எஞ்சி, ஒவ்வொன்றும் 250 கிராம் இருப்பின் மொத்தம் 450 கிலோ. நூற்றுக்கு மூன்று வீதம் 13½ கிலோ தீவனம் வேண்டும். மேலும் வளர்ந்து 1,700 மீன்கள், ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஆகும்போது மொத்தம் 850 கிலோ; நூற்றுக்கு இரண்டு வீதம் 17 கிலோ. மீனின் எடை பெருகும் வேகத்தில் தீவனம் பெருகவில்லை என்பதை இக்கணக்கில் காணலாம். தீவனத்தை எடைக்குச் சமமாக ஏற்றிக்கொண்டே போவோர் இங்குதான் தவறுகின்றனர்.

தீவனத்தைக் குளம் முழுவதும் வாரி இறைத்தல் ஆகாது. பழைய உரச்சாக்கைக் கழுவி, அடியில் சிறு துளைகளிட்டு, உலர்ந்த தவிட்டையும் பொடித்த புண்ணாக்கையும் நிரப்பி, நீரில் நட்ட மூங்கில் கழியில் பாதி நீரில் மூழ்குமாறு கட்டிவிட வேண்டும். மீன்கள் சாக்கைச் சுற்றி வந்து, துளைகளின் வழியே வேண்டிய அளவு மட்டும் இழுத்து உண்ணும். ஒரு ஏக்கருக்கு எட்டுப் பத்துச் சாக்குகள் பல இடங்களில் கட்டினால், வலிய மீன் எளிய மீனை விரட்டும் நிலை இராது. உருண்டையாக இடுவோர் பழைய தாம்பாளத்தில் வைத்து நீருக்குள் இறக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்துத் தாம்பாளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உணவு எஞ்சியிருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். எஞ்சிய உணவே மீன் நமக்கு எழுதும் கடிதம். அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நட்டம் வராது.

கதிரவன் ஏறியபின், காலை ஒன்பது மணிக்குமேல், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவிடுவது நல்லது. விடியற்காலையிலும் இரவிலும் உணவிடலாகாது. மேகமூட்டமான நாளில் பாதியாகக் குறைக்க வேண்டும்; தொடர்ந்து மூடியிருந்தால் அடியோடு நிறுத்த வேண்டும். மீன் ஓரிரு நாட்கள் உணவின்றி இருந்தால் இறந்துவிடாது. கெட்ட நீரில் ஓரிரவு இருந்தால் இறந்துவிடக்கூடும்.

வாழைத் தோட்டமும் புல்கெண்டையும்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் வாழைக்குப் பெயர்பெற்றது. மத்திய அரசின் தேசிய வாழை ஆராய்ச்சி நிலையமும் திருச்சிராப்பள்ளியை அடுத்த தாயனூரில் அமைந்துள்ளது. தொட்டியம், லால்குடி, அந்தநல்லூர் வட்டாரங்களில் தோட்டத்தில் கழிக்கப்படும் வாழையிலைகளை மீன் உணவாக்கலாம். இதற்கு உதவுவது புல்கெண்டை என்னும் மீன். பெயருக்கேற்ப இது புல்லையும் நீர்ச்செடிகளையும் மேயும் இயல்பினது. வாழையிலையை நறுக்கி, நீரில் மிதக்கும் மூங்கில் சட்டத்துக்குள் இட்டால் புல்கெண்டை உண்ணும். அதன் கழிவு நீருக்கு எருவாகி மற்ற மீன்களின் இயற்கை உணவைப் பெருக்கும்.

இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையை ஒருபோதும் இடலாகாது. மேய்ந்தது போக எஞ்சிய தண்டையும் நரம்பையும் மறுநாளே வெளியே எடுத்துவிட வேண்டும். அவை அழுகினாலும் கேடு ஒன்றே.

விடியற்கால ஆபத்து

இனி, முதலில் கூறிய விபத்தின் காரணத்தை ஆராய்வோம். பகலில் பாசி ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி, மீனைப்போலவே பிராணவாயுவை உட்கொள்கிறது. மீன், பாசி, அடியில் அழுகும் பொருள் ஆகிய மூன்றும் இரவு முழுவதும் ஒரே கையிருப்பிலிருந்து செலவழிக்கின்றன. ஆகவே கதிரவன் உதிக்கும் முன்பே பிராணவாயு மிகக் குறைந்திருக்கும்.

கையிருப்பு எவ்வளவு? ஒரு ஏக்கர் பரப்பும் ஐந்தடி ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 60 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் அது மீனுக்கு நல்ல நிலை. அக்கணக்கில் குளம் முழுவதிலும் உள்ள பிராணவாயு ஏறக்குறைய 30 கிலோ மட்டுமே. தவிடு போன்ற பொருள் ஒரு கிலோ முற்றிலும் அழுகுவதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ பிராணவாயு செலவாகும். நாள்தோறும் 10 கிலோ தீவனம் எஞ்சி அடியில் சேர்ந்தால், கையிருப்பு என்ன ஆகும் என்பதை எவரும் கணக்கிடலாம். மேலும், நீர் வெப்பமடையுந்தோறும் அது தாங்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. கோடையில் வற்றிய குளத்துக்கு ஆபத்து இருமடங்காவது இதனால்தான்.

மீன்கள் விடியற்காலையில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது உதவி கோரும் குரல். உடனே செய்ய வேண்டியவை இவை: தீவனத்தையும் எருவையும் நிறுத்துக. எண்ணெய் இயந்திரத்தையோ மின்மோட்டாரையோ கொண்டு குளத்து நீரையே இறைத்து, உயரத்திலிருந்து தூவலாக மீண்டும் குளத்திலேயே விழச் செய்க. ஆழ்துளைக் கிணற்று நீரில் இயல்பாகவே பிராணவாயு குறைவு. ஆதலின் அதனையும் காற்றோடு கலக்குமாறு தூவியே விடுக. அன்று வலை இழுத்துச் சேற்றைக் கலக்கலாகாது.

நஞ்சா, மூச்சுத்திணறலா என்பதை அறியவும் சில அறிகுறிகள் உண்டு. பிராணவாயுக் குறைவினால் மீன் இறப்பது பெரும்பாலும் விடியற்காலையில், பெரிய மீன்களே முதலில் இறக்கும், வாய் திறந்திருக்கும், முந்திய நாட்களில் நீர் கரும்பச்சையாகவோ மேகமூட்டமாகவோ இருந்திருக்கும். நஞ்சாயின் வேளை வேறுபாடின்றி, பெரிதும் சிறிதும் ஒருங்கே இறக்கும். தவளையும் நீர்ப்பூச்சியும்கூட மடிந்து கிடக்கும். ஐயம் நீங்காவிடில் நீரையும் மீனையும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சோதனைக்கு முன்பே அண்டை வீட்டுக்காரன்மீது பழி சுமத்துவது, செத்த மீனோடு ஊர் ஒற்றுமையையும் புதைப்பதாகும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

குளத்தை ஏலத்தில் விட்டுத் தொகையைப் பெறுவதோடு பஞ்சாயத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. குறுகிய காலக் குத்தகை எடுப்பவர், விரைவில் இலாபம் காணும் நோக்கத்தால் கோழி இறைச்சிக் கழிவையும், பண்ணைக் கழிவையும் குளத்தில் கொட்ட முற்படக்கூடும். அக்கழிவு நோய்க் கிருமிகளைப் பரப்புவதோடு, குளத்தின் பிராணவாயுவையும் தின்றுவிடும். அவ்வாறு கெட்ட நீரில் பிழைக்கக்கூடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி என்னும் மீன். அது காற்றை நேரே சுவாசிக்க வல்லது. வெள்ளக் காலத்தில் தப்பி வாய்க்காலிலும் ஆற்றிலும் கலந்து, நம் நாட்டு மீன்களை உண்டு அழிக்கும். இதனை வளர்ப்பதை அரசு தடை செய்திருக்கிறது.

ஆகவே, மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையிலேயே, நீர் வருமுன், அவ்வாண்டுக்குரிய விதிகளைப் பேசி முடிவு செய்யலாம். ஏல நிபந்தனைகளில் சிலவற்றைச் சேர்த்தல் நன்று: இறைச்சிக் கழிவு இடலாகாது, தடை செய்யப்பட்ட மீனை விடலாகாது, வாரம் ஒருமுறை தட்டு கொண்டு நீரின் தெளிவை அளந்து குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும், நாள்தோறும் இட்ட தீவனத்தின் எடையையும் அதில் குறித்தல் வேண்டும். இக்குறிப்பேட்டை ஊரார் எவரும் பார்க்கலாம் என்று விதித்தால், ஐயத்துக்கு இடமிராது. மேற்கொண்டு ஆலோசனை வேண்டுவோர் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை நாடலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முதலில் நீருக்கு எருவிடுக. குறைந்ததை மட்டும் மீனுக்குத் தீவனமாக இடுக.

2. தட்டு மறையும் ஆழம் 25 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருத்தல் நன்று. 20க்குக் குறைந்தால் எருவும் தீவனமும் நிறுத்துக.

3. மாதந்தோறும் மீனை எடைபார்த்தே தீவன அளவை மாற்றுக.

4. எஞ்சிய தீவனத்தை நாள்தோறும் பார்த்து, அதற்கேற்பக் குறைத்திடுக.

5. மேகமூட்டமான நாளில் கையைக் கட்டிக்கொள்க.

6. விடியற்காலையில் ஒருமுறை குளக்கரைக்குச் சென்று மீன்களைப் பார்த்து வருக.

உணவிடுவது அறங்களுள் தலையாயது என்று வாழ்ந்துவரும் நாடு இது. வந்த விருந்தினர் போதும் என்று சொல்லும்வரை பரிமாறுவது நம் மரபு. மீனால் போதும் என்று சொல்ல இயலாது. அதற்காக நீரின் நிறமும், தட்டின் ஆழமும், தாம்பாளத்தில் எஞ்சிய உருண்டையும் சொல்கின்றன. அச்சொல்லைக் கேட்டு நடக்கும் ஊரில் குளம் ஆண்டுதோறும் மீனைத் தரும். ஏலத் தொகை பஞ்சாயத்துக்கு வரும். விடியற்காலையில் குளக்கரைக்குச் செல்பவன் கவலையின்றித் திரும்புவான்.